தாம்பரம்: கிழக்கா, மேற்கா?

சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்தில் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பார்க்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நான் முதலில் கேட்பதில்லை. ஸ்டேஷனுக்குக் கிழக்கா, மேற்கா என்றுதான் கேட்பேன். "ரெண்டும் தாம்பரம்தானே, எதுவானா என்ன?" என்பார்கள். சிறு வயதிலிருந்து கிழக்குப் பக்கம் வாழ்ந்து, வேலைக்காலம் முழுக்க சீசன் டிக்கெட்டில் பாரிமுனைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஊரில் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும் என்பது வரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இது ஏன் இப்படி ஆனது என்று தெரிய வேண்டுமென்றால் ஊர் வளர்ந்த கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் மீட்டர்கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) 19-ஆம் நூற்றாண்டிலேயே போடப்பட்டது. அந்தப் பாதையில் ஏரியும் வயலும் புதர்க்காடும் சூழ்ந்த ஒரு சின்ன ஸ்டேஷன்தான் தாம்பரம். அதன் தலையெழுத்தை மாற்றியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி எடுத்த ஒரு முடிவு. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை, ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார ரயில் ஓட்டுவது என்று தீர்மானித்தார்கள். 1931 ஏப்ரல் 2-ஆம் தேதி கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி அதைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது, ஆனால் அது அகலப்பாதை. மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவிலேயே இங்கேதான் முதல்முறை. வண்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் ஷெட்டும் தாம்பரத்திலேயே அமைந்தது. ஒரு பாதையின் கடைசி ஸ்டேஷனாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. வண்டி அங்கிருந்துதான் காலியாகக் கிளம்பும். அந்த லாபத்தை இன்றைக்கும் தாம்பரத்துக்காரர்கள் அனுபவிக்கிறார்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ரயில் வந்ததும் வீடுகள் பெருகின என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். தாம்பரத்தில் நடந்தது வேறு. இங்கே வீடுகளுக்கு முன்னால் பெரிய நிறுவனங்கள் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டன. எலெக்ட்ரிக் ட்ரெயின் வருவதற்கு முன்பே, 1928-இல், டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியம் ஆரம்பித்தார். காசநோய்க்கு அன்றைக்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். பச்சைமலை அடிவாரத்தில் நகரத்திலிருந்து தள்ளியிருந்த நிலம் அதற்குத் தோதாக இருந்தது. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பக்கத்து ஸ்டேஷனின் பெயரே 'தாம்பரம் சானடோரியம்' என்று நிலைத்துவிட்டது.

அதே 1937-இல்தான் ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மொத்தமாக இங்கே குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டில் 350 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கல்லூரியை யார் இவ்வளவு தூரம் கொண்டுவந்து வைப்பார்கள் என்று அன்றைக்குப் பலர் கேட்டிருப்பார்கள். வாசலுக்கு எதிரே மின்சார ரயில் நிற்கிறது என்ற தைரியம் இல்லாமல் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். மறு வருடமே, 1938 டிசம்பரில், உலக மிஷனரி மாநாடு அந்த வளாகத்தில் நடந்தது. அதனால் கிறிஸ்தவ இறையியல் படிப்பவர்களுக்கு இன்றும் 'தாம்பரம்' என்றால் ஊர்ப்பெயர் மட்டுமல்ல, பிற மதங்களைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விவாதத்தின் பெயரும்கூட. கல்லூரியில் வேலை பார்த்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்கள்தான் இன்றைக்கு அங்கே நிழல் தருகின்றன. சித்திரை வெயிலில் கிழக்குப் பக்கம் இறங்கி அந்த வளாகத்தை ஒட்டி நடந்து பாருங்கள், காற்று மாறுவது தோலில் தெரியும்.

அப்புறம் கிழக்கே விமானப்படைத் தளம். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி அங்கே இருக்கிறது. பயிற்சி விமானத்தின் சத்தம் கேட்டால் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் கிழக்குத் தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்கு மேல் போய்விடும். 1984-இல் சானடோரியத்தில் மெப்ஸ் என்று நாங்கள் சொல்லும் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1985-இல் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறந்தார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் விஷயம் புரியும். கல்லூரிக்கு மதில், விமானப்படைக்கு மதில், சானடோரியத்துக்கு மதில், மெப்ஸுக்கு மதில், ரயில்வே நிலத்துக்கு வேலி. இவற்றுக்கு நடுவே மிச்சமான இடத்தில்தான் வீடுகள் வந்தன. மிச்சமான இடம் என்றால் பழைய கிராம நத்தம், வயல், அப்புறம் ஏரிக்கரை. அதனால்தான் இந்த ஊரில் லட்சக்கணக்கான ஜனங்கள் இருந்தும், குறுக்கே போகச் சாலைகள் மிகக் குறைவு. கிழக்கே வேளச்சேரி சாலை, மேற்கே ஜிஎஸ்டி சாலை (தெற்கே திருச்சிப் பக்கம் போகும் நெடுஞ்சாலை), முடிச்சூர் சாலை. எல்லாக் கூட்டமும் இந்த மூன்றில்தான் வந்து விழ வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்க்க முன்பு ரயில்வே கேட் இருந்தது. இப்போது மேம்பாலம் இருக்கிறது. பாலம் வந்தும் எட்டரை மணிக்கு அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும், ஏனென்றால் பாலத்தில் ஏறவும் இறங்கவும் உள்ள சாலைகள் அதே பழைய சாலைகள்தான்.

என் தங்கை மகன் சென்ற ஆண்டு வீடு தேடினான். அவன் மனைவிக்கு கிண்டியில் வேலை, அவனுக்கு மேடவாக்கம் தாண்டி. ஒரு தரகர் முடிச்சூர் சாலையில் உள்ளே தள்ளி ஒரு புது அடுக்ககம் காட்டினார். "ஸ்டேஷன் பத்தே நிமிஷம் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் கூட்டிப்போய்க் காட்டியதால் அது பொய்யும் இல்லை. நான் அவனிடம், "திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து நீயே பைக்குல ஸ்டேஷனுக்கு வா. பைக்கை ஸ்டாண்டுல விட்டு, படியேறி, பிளாட்பாரத்துல நிக்கிற வரைக்கும் கணக்குப் போடு" என்றேன். போட்டான். "மாமா, அரை மணி நேரத்துக்குக் கிட்ட ஆகுது" என்றான். அதற்கு மேல் அவன் தினமும் மேடவாக்கம் போக மேற்கிலிருந்து கிழக்குக்குப் பாலம் ஏற வேண்டும். அவர்கள் இருவருக்கும் கிழக்குதான் சரி. வேலை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் மேற்குதான் சரி. இவ்வளவு சின்ன விஷயத்தை யோசிக்காமல் இருபது வருடக் கடன் வாங்குகிறவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தாம்பரத்தில் பெய்யும் மழை இரண்டு திசையில் பிரிந்து ஓடுகிறது. கிழக்குப் பக்கத் தண்ணீர் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். மேற்கே பீர்க்கன்காரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தண்ணீர் முடிச்சூர் வழியாக அடையாற்றுக்குப் போகும். ஆகக் கிழக்கா, மேற்கா என்ற கேள்விக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது: உங்கள் வீட்டு வாசலில் நிற்கப்போவது சங்கிலி ஏரிகளின் உபரி நீரா, ஆற்று வெள்ளமா?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்களைப் படகில் கொண்டுவந்தார்கள். அதே இரவு எங்கள் பக்கமும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஏரி உபரி நீர் மழை நின்றால் வடியத் தொடங்கும், வழி அடைபடாமல் இருந்தால். ஆற்றுத் தண்ணீர் மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கும், இங்கே மழை விட்ட பிறகும் ஏறும். அதற்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள், நிலைமை பழைய அளவுக்கு மோசமில்லை. இருந்தாலும் நான் யாரையும் பத்திரத்தை மட்டும் நம்பிப் போகவிடமாட்டேன்.

என்ன பார்க்க வேண்டும்? சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (எந்த எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புல வரைபடத்தையும் எடுங்கள். உங்கள் மனைக்குப் பக்கத்து எண்களில் 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால் புறம்போக்கு' என்று எங்கே வருகிறது என்று பாருங்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலங்கல் எங்கே இருக்கிறது, கலங்கலிலிருந்து வழியும் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது அதில் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பழைய பத்திரம் என்றால் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செங்கல்பட்டு என்று இருக்கும், நடுவில் காஞ்சிபுரம் என்று இருக்கும், 2019 கடைசியிலிருந்து மறுபடி செங்கல்பட்டு. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடமோ பால் போடுகிறவரிடமோ, "பதினஞ்சுல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் வாயால் சொல்லவில்லை, சுவரைக் காட்டினார். வெள்ளையடித்த பிறகும் மங்கலாக ஒரு கோடு, ஜன்னல் விளிம்புக்குக் கீழே நேராக ஓடியது. எந்த வில்லங்கச் சான்றிலும் அந்தக் கோடு வராது.

விமானப்படை மதிலை ஒட்டி மனை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உண்டு, தடையின்மைச் சான்று தேவைப்படும். மனை மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் அதுவாக இருக்கலாம். திட்ட அனுமதியை நீங்களே கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

சரி, ரயிலுக்கு வருவோம். மீட்டர்கேஜ் காலத்து வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் முழங்காலில் இடிக்கும். 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது, 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது, ஆனால் பாதை அதே குறுகிய பாதைதான். காலை வண்டியில் பூக்கட்டுகிற பெண்கள் கதவோரம் உட்கார்ந்து, நகரத்துக்குள் போய்ச் சேர்வதற்குள் ஒரு கூடை உதிரியைச் சரமாக்கிவிடுவார்கள். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து கீரைக்கட்டுகள் வந்து இறங்கி, சண்முகம் சாலை சந்தைக்குப் போகும். 2004-இல் மீட்டர்கேஜ் மின்சார ரயில் நின்று அகலப்பாதை முழுதாக வந்தது. வண்டி அகலமானதும் கூட்டமும் அதே வேகத்தில் பெருகியது. ஏனென்றால் அதற்குள் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரை ஊர் நீண்டுவிட்டது.

ஆரம்பத்தில் சொன்ன அந்த லாபம் இங்கேதான் வருகிறது. செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரம் வரும்போதே நிரம்பியிருக்கும். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். பிளாட்பாரத்துக்கு வந்ததும் முன்னால் நிற்கும் வண்டியில் தொற்றிக்கொள்ளாமல், அடுத்து இங்கிருந்து கிளம்புவது எது என்று பலகையைப் பாருங்கள். ஒரு வண்டி விட்டால் பெரிய நேரம் போகாது, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போகலாம். முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன். வீடு தேடும்போது பெருங்களத்தூரைவிடத் தாம்பரத்தில் வாடகை கூட இருப்பதற்கு இந்த இருக்கையும் ஒரு காரணம்.

சானடோரியம், குரோம்பேட்டையில் ஏறுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. மெப்ஸ் ஷிப்ட் விடும் நேரத்தில் சானடோரியம் பிளாட்பாரத்தில் நின்றால் தெரியும். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி நூற்றுக்கணக்கான பெண்கள், வண்டி நிற்பதற்குள் பெண்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து அந்த இடத்தில் தயாராக நிற்பார்கள். வெளியூரிலிருந்து வந்து அங்கே முதல் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டி நிற்கும் இடத்தைப் பழகிய ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், பாதிச் சிரமம் போய்விடும்.

படியில் தொங்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் கேட்பதில்லை. அதனால் காரணத்தோடு சொல்கிறேன். இந்தப் பாதையில் லோக்கல் வண்டிக்குத் தனித் தடம், எக்ஸ்பிரஸ் வண்டிக்குத் தனித் தடம். ஏதாவது கோளாறு என்றால் லோக்கலை எக்ஸ்பிரஸ் தடத்தில் திருப்பிவிடுவார்கள். 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை அப்படித் திருப்பிவிட்ட வண்டி பரங்கிமலையைக் கடந்தபோது, படியில் தொங்கியவர்கள் தடத்தை ஒட்டியிருந்த கான்கிரீட் சுவரில் மோதினார்கள். உயிர்கள் போயின. தினமும் தொங்கிப் பழகிய கைக்கு, அன்றைக்கு வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்பது தெரியாது. வண்டி வழக்கத்துக்கு மாறான பிளாட்பாரத்தில் வந்தால் உள்ளே போய் நில்லுங்கள், முடியாவிட்டால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி குறைவு, பராமரிப்புக்காக நிறுத்துவதும் உண்டு. திருமணம், தேர்வு என்று போகிறவர்கள் முந்தின நாளே அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டை மாற்றியமைத்தபோது பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே லோக்கல்கள் ரத்தாகி, ஜிஎஸ்டி சாலை முழுக்க ஜனம் பேருந்துக்குக் காத்து நின்றது. ஒரே ரயிலை நம்பி எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம். அந்த வேலையால் தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களைக் கையாள ஸ்டேஷனுக்கு வசதி கூடியிருக்கிறது. புறநகர்க்காரர்கள் ஊருக்குப் போக எழும்பூர் வரை மூட்டையைச் சுமக்கத் தேவையில்லை. முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள். ஹைதராபாத் போகும் சார்மினார் எக்ஸ்பிரஸ் போல இங்கிருந்தே கிளம்பும் வண்டிகளும் உண்டு.

தாம்பரம் 1964-இல் நகராட்சி, 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி தெற்கே வண்டலூர்ப் பக்கம் கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து முனையம் திறந்தார்கள். அது திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. பையும் குழந்தையுமாக ஜிஎஸ்டி சாலையைக் கடக்கத் தவித்தவர்களைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. 1931-இல் ரயிலை முதலில் கொண்டுவந்து ஊரைப் பின்னால் வரவிட்டார்கள். 2023-இல் முனையத்தை முதலில் கட்டிவிட்டு ரயிலைப் பின்னால் தேடினோம். இந்த வரிசை மாறினால் சிரமப்படுவது கையில் காசில்லாத பயணிதான் என்பது என் ஆதங்கம். திட்டம் போடுகிறவர்கள் ஒரு பண்டிகை இரவு அங்கே வந்து நின்று பார்க்க வேண்டும்.

தங்கை மகன் கடைசியில் வாங்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கே இருந்து பார்க்கட்டும், தெருவில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை நாளில் வடிகிறது, அடைமழையில் அவன் மனைவியால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்க்கட்டும் என்றேன். அதே தெருவில் ஒரு மனை விலைக்கு வந்திருக்கிறது. தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்டிருக்கிறான், தை மாதத்துக்குள் முடிவு சொல்வதாக உரிமையாளரிடம் பேசி வைத்திருக்கிறோம்.